நாக்குக்கு அடியில் பத்து நிமிடம்

சாட்சி சொல்ல எழுந்து நிற்கும் நேரம் பார்த்து நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டது வேண்டுமென்றேதான். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

வேம்பார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். உப்பு லாரிக்கு வழிவிடப் போய் ஸ்கூட்டியோடு விழுந்ததில் முதுகில் ஆபரேஷன் ஆனது. வலிக்குக் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் என்னை விடவில்லை. ஒரு வேளை தவறினால் மூக்கு ஒழுகும், கொட்டாவியாக வரும், கால் தானாக உதறும். டீச்சருக்குத் தீராத சளி என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கு வைத்தியம் உண்டா என்று போனில் விசாரித்தேன். ஒரு டாக்டர் மதுரைக்குப் போகச் சொன்னார். ஒரு மறுவாழ்வு இல்லத்தில் ஆண்களை மட்டும்தான் சேர்ப்போம் என்றார்கள். எல்லாரிடமும் "என் தோழிக்கு" என்றுதான் கேட்டேன். அந்தத் தோழியைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

கடைசியில் வழி சொன்னவர், நான் வழக்கமாக மாத்திரை வாங்கும் மருந்துக்கடை அண்ணாச்சி. ஒருநாள் கையை விரித்துவிட்டார்.

"டீச்சர், இது பழைய சீட்டு. இனி தரமாட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க. பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுல நாக்குக்கு அடியில வைக்க ஒரு மாத்திரை குடுக்காவ. இந்தப் பழக்கத்துக்கு அதான் மருந்து."

மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நாலே ஸ்டாப் தள்ளி இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி.

ஒருவழியாகப் போய்க் கேட்டபோது, கடைசி மாத்திரை போட்டு ஒரு நாள் கழித்து, உடம்பு உதற ஆரம்பித்த பிறகு வரச் சொன்னார் டாக்டர். என் வீட்டுக்காரர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். பெஞ்சு முழுக்க ஆண்கள், பாதிப்பேர் துறைமுகத்தில் வேலை செய்பவர்கள். "ஏலே, டீச்சருக்கு எடம் விடுலே" என்றார் ஒருவர். என்னை டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நர்ஸ் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். "முழுங்காதீங்க, பேசாதீங்க. கரையட்டும், பத்து நிமிஷம்." பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அன்று மத்தியானத்துக்குள் நடுக்கம் நின்றது. ரசம் சோறு ருசித்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

போகப்போக மாத்திரை அட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு சாத்தான்குளத்திலிருந்து மைனி வந்தார், என் வீட்டுக்காரரின் அக்கா.

"அந்தப் போதைய விட்டுட்டு இந்தப் போதையா? கர்த்தர்மேல விசுவாசம் இருந்தா இது எதுக்குளா?"

மைனி காலையில் போடும் சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் விசுவாசம் குறுக்கே வராது. அதை அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. டாக்டரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்தினேன். மைனி சந்தோஷமாக ஊருக்குப் போனார்.

ஐந்தாம் நாள் நான் திருடினேன். என் மாமியாருக்கு அப்போதுதான் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. டப்பாவில் இருந்த அவருடைய வலி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, பார்க்க அதே மாதிரி இருந்த சத்து மாத்திரைகளைப் போட்டுவைத்தேன். நாலு நாள் அத்தை துடித்தார். ஆபரேஷன் சரியில்லை என்று எல்லாரும் டாக்டரைத் திட்டினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துவிட்டேன். எனக்கு வலி எதுவும் இல்லை.

ஒன்பதாம் நாள் அத்தையின் சீட்டைக் காட்டிச் சரியான மாத்திரையை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு, திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் திட்டவில்லை. சர்க்கரைக்கு மருந்து நிறுத்தினால் சர்க்கரை ஏறும், இதுவும் அப்படித்தான் என்றார். மறுபடி தொடங்கினோம். மைனியிடம் யாரும் சொல்லவில்லை.

மைனி சும்மா இருப்பாரா? எனக்குக் கிடைத்த விடுதலைக்காக எங்கள் வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டார். சனிக்கிழமை காலை, முப்பது பேர், போதகர், டீ, மக்ரூன். நான் எழுந்து, கர்த்தர் என்னை எல்லா மாத்திரையிலிருந்தும் விடுவித்தார் என்று சாட்சி சொல்லவேண்டும்.

"ரெண்டு வார்த்த சொல்லிட்டு உக்காந்துரு" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு என் மருந்தை ஒளித்துவைத்துத்தான் போடவேண்டும். ஒளித்துவைத்த மாத்திரை என்னை எங்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும்.

போதகர் என்னை அழைத்தார். மணி ஒன்பது. அட்டையைப் பிரித்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுந்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு நிமிடத்தில் ஒருவர் இருமினார். நாலாவது நிமிடத்தில் யாரோ "அல்லேலூயா" என்றார். ஆவியானவர் என்னைப் பேசவிடாமல் செய்கிறார் என்று மைனி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

பத்து நிமிடம் ஆனதும் வாயைத் திறந்து, நர்ஸிடம் காட்டுவதுபோல நாக்கைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன்.

"என் மருந்து கரைஞ்சிட்டு. தெனமும் போடுதேன், நாளைக்கும் போடுவேன். இத நிறுத்துன நாள்ல நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க" என்றேன். அத்தையின் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அத்தை அங்கேயே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

யாரும் மக்ரூனைத் தொடவில்லை. மைனி எழுந்து, "இப்பவே அந்த அட்டையத் தூக்கிப் போடுளா" என்று என்னிடம் வந்தார். அத்தை ஊன்றுகோலை மைனிக்குக் குறுக்கே நீட்டினார்.

"ஏளா, அவள நிறுத்தச் சொன்னது நீதான? நாலு நாளு பட்டது நானு. இன்னொரு மட்டம் சொல்லு பாப்போம்."

அத்தை என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். அவருடைய மாத்திரை டப்பா இப்போது பீரோவுக்குள், சாவி அவர் இடுப்பில். அது நியாயம்தான். என்னுடைய அட்டை சாப்பாட்டு மேசைமேல், வருகிறவர் போகிறவர் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது.