அடியந்திரம் அடுத்த மாதம்

"எமன் வந்து கதவைத் தட்டட்டும் வே. நானே போய்த் தொறந்து, இரும், ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்னு சொல்லுவேன்."

பூதப்பாண்டியில் ஒரு துஷ்டி வீட்டுப் பந்தலில், பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டபடி கொட்டாரம் பகவதியப்பன் இதைச் சொன்னார். உள்ளே கிடத்தியிருந்தவரைத் தவிர அத்தனை பேர் காதிலும் விழுந்தது. எழுபதைத் தாண்டியவர்; சிமென்ட் கடையை மகனிடம் விட்டுவிட்டு, தன் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்வதை முழுநேர வேலையாக வைத்திருந்தார். மனசு சொன்னால் உடம்பு கேட்கும் என்பது அவருடைய சித்தாந்தம். அதை நிரூபிக்கத் தினமும் வட்டக்கோட்டை வரை நடந்தார். நடந்ததை மறுநாள் காலைவரை சொன்னார்.

மகனின் பிடிவாதத்துக்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டொரு நாளில், கொட்டாரம் முக்கில் ஏத்தம்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். அந்த நேரம் பார்த்து நாகர்கோவில் பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியது. பஸ் தின்றதுபோக மிச்சம் அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அச்சா, அடியந்தரம்... அடுத்த மாசம் மதி."

மதி என்றால் போதும் என்பது வரை அவருக்கு மலையாளம் தெரியும். அடியந்திரம் என்றால் செத்தவருக்குச் செய்யும் சடங்கும் அன்று போடும் பந்தியும் என்பது நாஞ்சில் நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். அவரோ எத்தனையோ அடியந்திரங்களில் எரிசேரிக்குக் குறை சொன்னவர். இரண்டையும் கூட்டிப் பார்த்தார். ஏத்தம்பழத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

திரும்பக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் எமனுக்குக் காப்பி போட்டுத் தருவதாகச் சொன்னவர், ஒரு நர்ஸிடம் போய் நடுங்கிய குரலில் சந்தேகம் கேட்பதா? அதைவிடச் சாவதே மரியாதை என்று தீர்மானித்தார்.

அன்று முதல் மனசு சொன்னதை உடம்பு அட்சரம் பிசகாமல் கேட்டது. மாடிப்படி பாதியில் மூச்சு முட்டியது. தொடை இரண்டும் நனைந்த சிமென்ட் மூட்டையாகக் கனத்தன. நெய்மீன் குழம்பு வைக்கோலாக ருசித்தது. இடப்பக்கம் சாய்ந்தால் தலையணைக்குள் இதயம் தட்டுவது கேட்டது. அது அடுத்த தட்டைத் தட்டுமா என்று காத்திருப்பார். தட்டும். உடனே அதற்கடுத்ததைப் பற்றிய பயம் வரும். கடைவாசலில் வாழையிலைக் கட்டு கிடந்தால் கண்ணைத் திருப்பிக்கொண்டார். மனைவி சத்தியபாய் பிரஷர் பார்க்கும் மெஷினைக் கையில் கட்டினால், பார்க்கப் பார்க்க எண் ஏறியது. மெஷின் கேடாகிவிட்டது என்றார். சொன்ன குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏட்டி, அடியந்திரத்துக்கு அந்தப் பூதப்பாண்டி வைப்புக்காரன மட்டும் விளிக்காதே. பாயசம் கஞ்சித் தண்ணி மாதிரி வைப்பான்."

"ஆருக்கு அடியந்திரம்?"

"எனக்குத்தான். அடுத்த மாசம். ஆஸ்பத்திரியிலயே சொல்லியாச்சு."

சத்தியபாய் "அய்யோ" என்று அலறினாள். அடுக்களையிலிருந்து மருமகள் அஸ்வதி வந்தாள், கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கத்துக்காரி. மாமனாரின் போனை வாங்கி, ஆஸ்பத்திரி நம்பரைக் கூப்பிட்டு, மலையாளத்தில் சற்று நேரம் பேசினாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, மலையாளத்துல அடியந்தரம்னா அவசரம். நெஞ்சுல ஒண்ணுமில்ல, அவசரமே இல்ல, சும்மா ஒருக்க அடுத்த மாசம் வந்தா மதின்னுதான் சொல்லியிருக்காவ."

"அதான பார்த்தேன்" என்றார் பகவதியப்பன்.

"என்னத்தப் பார்த்தியளோ?" என்றாள் சத்தியபாய். "நீங்க செத்தா பாயசம் கெட்டியா இருக்கணும், அத மட்டும் பார்த்தியளோ. நான் என்ன ஆவேன்னு பார்த்தியளா?"

அவர் பசிக்கிறது என்றார். குழம்பில் மீண்டும் மீன் இருந்தது. சாயங்காலம் கட்டிப் பார்த்தபோது கேடான மெஷின் தானாகவே சரியாகியிருந்தது. மறுவாரமே வட்டக்கோட்டை நடையும், நடையைப் பற்றிய பிரசங்கமும் தொடங்கின. அந்த நர்ஸின் பேச்சைக் கேட்டுத் தான் ஒருநாள் சிரித்ததாக ஊரில் சொன்னார். கடைத்தெருவும் நம்பியது.

ஒரு பிற்பகல் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கரண்ட் இல்லாததால் காலிங் பெல் வேலை செய்யவில்லை. வாசலுக்கு வந்தவர் யாரோ, கதவை மெதுவாகத் தட்டினார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தட்டினார்.

பகவதியப்பன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. அடுக்களைப் பக்கம் தலையை மட்டும் திருப்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏட்டி, ஆருன்னு பாரு. நான் இங்க இல்லன்னு சொல்லிரு."