ஓட்டை போட்ட ராணி மெடல்

ஒடுகத்தூரில் மெடல் சேர்க்கிற ஒருவர் வெல்வெட் பெட்டியைத் திறந்து, வெள்ளைக்கார ராஜாவும் ராணியும் பதித்த வெள்ளி மெடலைக் காட்டியதும், மலைமேல் நெல்லிவாசல் பக்கம் இன்று புதர் மண்டிப்போன எங்கள் சாமைக்களம் கண்ணில் வந்து நின்றது. அங்கே அம்மா உலக்கை தூக்கும்போதெல்லாம், பாசிமணிக்கு நடுவே கோத்த அதே மாதிரி மெடல் நெஞ்சில் குதித்துக் கிணுகிணுக்கும்; வெள்ளிக்கிழமையானால் குளித்துவிட்டு ராணி நெற்றிக்கு மட்டும் குங்குமம் வைப்பாள்.

“ராஜாவுக்கு இல்லியாம்மா?” என்பேன்.

“வரி கேட்டவனுக்கு பொட்டு ஒரு கேடா?” என்பாள்.

அந்த மெடல் இன்று என் கழுத்தில் கிடக்கிறது. பெட்டி திறந்தவர் அதைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “மலைக்காரங்க ஓட்ட போட்டு கெடுத்துட்டீங்களே பாட்டி. குடுங்க, அடச்சி பொட்டியில வெக்கிறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னா கெட்டுப்போச்சு? ஓட்ட போடலன்னா எங்கம்மா எப்பிடி கழுத்துல போட்டிருப்பா? கைய எடுய்யா.”