தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற கோடிச்சேலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாக யோசித்திருக்கிறேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். பத்தாவது படித்தவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். வராதது தைரியம்தான்.

போன வாரம் மகள் ஒரு புதுச்சேலையை மடிப்புப் பிரித்துக் காட்டினாள். கஞ்சி வாசம் குப்பென்று வந்தது. நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு, விளக்குத் திரியைத் தூண்டுகிற சாக்கில் பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கஞ்சி என்றால் எனக்கு முதலில் காக்கிதான். போலீசில் சேர்ந்த புதிதில் கால்சட்டை மொடமொடவென்று தொடையில் குத்தும். பூட்ஸ் ஒரு அளவு பெரிசு. நுனியில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு நடப்பேன். அந்தக் கோலத்தில் கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்கிக்கொண்டவன் நான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வந்த வேகத்தில் போயும் விடுகிறது.

அப்போது திருமங்கலத்துக்கு மேற்கே இரண்டு ஊர்களுக்குள் தகராறு. மறியல், கல்லெறி, பஸ் ஓடவில்லை. நூற்று நாற்பத்து நாலு தடையுத்தரவு போட்டு, ஐந்து பேர் சேர்ந்து நடக்கக்கூடாது என்று ரோட்டின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தோம். சொந்தச் சாதிக்காரன் என்று எவனையாவது விட்டால் தொலைத்துவிடுவேன் என்று காலையில் அதிகாரி எச்சரித்திருந்தார். சொல்லும்போது என்னையே பார்த்த மாதிரி இருந்தது. நான் எழுமலைப் பக்கம். தகராறில் ஒரு தரப்பு என் ஜனம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினோரு மணி இருக்கும். ஐந்து பேர் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு நாற்பது வயசிருக்கும். துண்டில் கட்டிய ஒரு மூட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தார். தங்கச்சி இறந்துவிட்டாள், அந்தா தெரிகிற ஊர்தான், கோடி கொண்டுபோகிறோம், சட்டத்துக்குப் பயந்து கொட்டுமேளத்தைக்கூட விட்டுவிட்டு வந்தோம் என்றார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சேலையைப் போர்த்தாமல் ஒரு பெண்ணைத் தூக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி வந்து சேரும்வரை வாசலில் கிடத்திக் காத்திருப்பார்கள். இது எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்தார். “என்ன மாப்ள, ஒன் மச்சானா?”

அவருக்கு அது வெறும் கேலி. வந்தவர்கள் என் ஜனம்தான் என்று எனக்குப் பேச்சிலேயே தெரிந்திருந்தது.

“மூட்டையப் பிரி. அம்புட்டையும் பிரி” என்றேன்.

கோடியை வழியில் பிரிக்கக்கூடாதே என்று அவர் தயங்கினார். நான் லத்தி நுனியால் முடிச்சை நெம்பினேன். அரக்குச் சுங்குடிச் சேலை ஒன்று நழுவித் தார் ரோட்டில் விழுந்தது. கூடவே மஞ்சள் கிழங்கும் கொஞ்சம் மல்லிகையும். அவ்வளவுதான் இருந்தது.

குனிந்து எடுத்து உதறினார். கோபமே இல்லை. “தம்பி, பேச்சப் பாத்தா நம்ம பக்கமாத் தெரியுதே. எந்த ஊரு?”

“மதுரை டவுனு” என்றேன்.

மற்ற நாலு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஒருத்தனாகவே போகிறேன் என்று கெஞ்சினார். ஒற்றை ஆள் போக அன்றைக்குத் தடையே இல்லை. ஏட்டும், விட்டுத் தொலையேன்டா என்று சொல்லிவிட்டு அடுத்த தடுப்புக்குப் போய்விட்டார். நான் விடவில்லை. விட்டால் மச்சான்தான் என்று ஆகிவிடுமே. இன்ஸ்பெக்டர் வரட்டும், ஓரமாக நில்லுங்கள் என்றேன்.

புளியமரத்தடியில் மூட்டையைக் கீழே வைக்காமல் மூன்று மணிவரை நின்றார். எங்களுக்கு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வந்தது. திரும்பி நின்றுகொண்டு முழுப் பொட்டலத்தையும் தின்றேன்.

அந்தப் பக்கமிருந்து ஒரு சொந்தக்காரர் சைக்கிளில் வந்தார். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கச் சொல்லி அங்கே நின்ற போலீஸ் நெருக்கியதாம். “எடுத்தாச்சுண்ணே” என்றார்.

அண்ணன்காரர் என்னைப் பார்த்தார். “கட்டுன சேலையோடயே போயிட்டா தம்பி. அண்ணன் இல்லாதவ மாதிரி.”

வந்த வழியே திரும்பி நடந்தார். இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அந்தப் பக்கம் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் சன்னிதியில் நிற்கிறேன். அவர் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றால், பேரைக்கூட அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆத்தா, அந்த அண்ணன் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது அந்த ரோடு நாலுவழிச் சாலையாகிவிட்டது. புளியமரம் ஒன்றுகூட இல்லை. ஏட்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு அடித்துக்கொண்ட இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மினி பஸ்ஸில் இடித்துக்கொண்டு போகிறார்கள். என்ன தகராறு என்று கேட்டால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த அண்ணனும் இனி இருக்க மாட்டார்.

இறந்துபோன அந்த அம்மாவின் பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள். மாமன் கோடி கொண்டுவரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், அவர்கள் காதுக்கும் எட்டட்டும். சொல்லும்போது, சின்ன வயசு, மேலிடத்து உத்தரவு, பாவம் என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள். ஒற்றை ஆள் போகத் தடை இல்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள்.