லொடலொடத்த சிமிழ்

கும்மிடிப்பூண்டிக்கு நான் வந்து சேர்ந்தபோது என்னிடம் இருந்தது இரண்டு உளி, மாற்றுக்கு ஒரு லுங்கி, ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுபதுகளின் தொடக்கம். பொட்டல் காட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒரு பட்டறையில் சுத்தியல் பிடி, உளிப் பிடி, நூல் மில்லுக்கு பாபின் என்று மரத்தில் கடையக்கூடிய எல்லாவற்றையும் கடைந்து கொடுத்தார்கள். அங்கே எனக்கு வேலை கிடைத்தது. மெஷினில் இல்லை. மரம் தூக்க வேண்டும், கடையும்போது விழுகிற சுருளை அள்ள வேண்டும். படுக்கையும் அந்தச் சுருள்மேல்தான். மழைக்காலத்தில் கதகதப்பாக இருக்கும். பூரான் வரும். தட்டிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

கடைசல் எனக்குத் தெரியாத வேலை அல்ல. அறுபதுகளில் ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர்களுக்குக் குழல் கடைந்திருக்கிறேன். அங்கே மோட்டார் கிடையாது. ஒருவர் கயிறு இழுக்க மரம் முன்னும் பின்னும் சுழலும், இன்னொருவர் உளி வைப்பார். அது அலுத்ததும் பழவேற்காட்டுப் பக்கம் போய் வலைக்கு மிதப்புக் கட்டை கடைந்தேன். அங்கே ஒரு காய்ச்சலில் படுத்து, எழுந்து, கால்போன போக்கில் நடந்து இங்கே வந்தேன். எந்த ஊரிலும் நிலைத்து நிற்காதவன் என்று என் தலையில் எழுதி ஒட்டியிருந்தது போல. மேஸ்திரி என்னைப் பார்த்த முதல் நாளே சொன்னார்: "இவன் பொங்கலுக்கு இருக்கமாட்டான் பாரு."

பட்டறையில் எனக்குப் பிடித்தது சனிக்கிழமை சாயந்திரம். வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்து ஷெட்டுகளில் இருந்து கடைசல்காரர்கள் எல்லாரும் எங்கள் பட்டறைக்கு வந்துவிடுவார்கள். சங்கம் என்று பெயர்தான், போர்டு கூடக் கிடையாது. ஒருவர் மெஷினில் நிற்பார், மற்றவர்கள் கவிழ்த்த பெட்டிகள்மேல் குந்திக்கொண்டு பார்ப்பார்கள். கடைகிறவர் கை என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்லிக்கொண்டே கடைய வேண்டும். அறுபடாமல் நீளமாக ஒரு சுருள் விழுந்தால் அதை எடுத்து முன்வரிசையில் இருப்பவர் காதில் மாட்டிவிடுவார்கள். ஒரு பாபின்காரர் ஒரே கட்டையில், தண்டைச் சுற்றி ஆடுகிற, ஆனால் கழலாத வளையம் ஒன்றைக் கடைந்து காட்டிய அன்று, கரண்டு போய் மெஷின் நின்றும் யாரும் எழுந்திருக்கவில்லை. லாந்தர் வெளிச்சத்தில் அந்த வளையத்தையே உருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்ப்பேன். மெஷினைத் தொட எனக்கு உரிமை இல்லை.

திருவள்ளூரில், மணவாள நகர்ப் பக்கம், இதே போல இன்னொரு கூட்டம் இருந்தது. கட்டில் கால், தொட்டில் கட்டை, குங்குமச் சிமிழ் கடைகிறவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு கூட்டத்துக்கும் போட்டி. பக்கத்துக்கு மூன்று பேர். எப்போதும் அவர்கள் ஊரில்தான் நடக்கும், எப்போதும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைந்த சாமானுக்குக் கடைந்த அன்றே தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். 'மரம் ஒரு ராத்திரி உறங்கட்டும்' என்று வைத்துவிட்டு மறுநாள் சாயந்திரம்தான் பார்ப்பார்கள். ஈர மரத்தில் பளபளப்பாகக் கடைந்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக.

அந்த ஐப்பசியில் முதல் தடவையாகப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. கடைய வேண்டியது குங்குமச் சிமிழ். எங்கள் ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. சுத்தியல் பிடிக்கு எங்கே மூடி? போதாததற்கு மூன்றாவது ஆளான பாபின்காரர் அந்த வாரம்தான் கட்டைவிரலை மெஷினில் கொடுத்திருந்தார்.

"எவனாச்சும் மூடி போட்ட சாமான் கடைஞ்சிருக்கீங்களாப்பா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"நான் சுண்ணாம்பு டப்பி கடைஞ்சிருக்கேன், மேஸ்திரி."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி என்னைக் கொஞ்ச நேரம் அளந்தார்.

"சரி, நில்லு. ஜெயிச்சா மூணாம் நம்பர் மெஷின் உன்னுது. தோத்தா சுருள் அள்றதோட நிறுத்திக்கணும். அப்பால உளியை என் கண்ணுலயே காட்டக் கூடாது. இன்னா?"

"சரி, மேஸ்திரி" என்றேன். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்த மெஷின் வேண்டும். வேறு எதையும் அதற்குமுன் நான் அப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை.

சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு கட்டில் கால் மாஸ்டர். முறுக்கின மீசை, கொலுசு சத்தம் போலச் சிரிப்பு. பரணில் கூரை ஷீட்டுக்கு அடியில் காய்ந்து கிடந்த பாலை மரக்கட்டைகளை ஆளுக்கொன்று கொடுத்தோம். மாஸ்டர் கடைந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மூடியை வைத்து அமுக்கினால் காற்று மெல்ல வெளியேறி, தானாக இறங்கி உட்கார்ந்தது. எடுத்தால் 'டொப்' என்று ஒரு சத்தம். கூட்டம் முழுக்க 'ஆகா' என்றது. எங்கள் மேஸ்திரியும் பல்லைக் கடித்துக்கொண்டு அதே மாதிரி இறுக்கமாகக் கடைந்துவிட்டார்.

என் முறை வந்தது. கயிற்றில், மரம் பின்னால் சுழலும்போது உளியைத் தூக்கிப் பழகின கை. அரைச் சுற்றுக்கு ஒரு தடவை உளி தானாக மேலே எழும்பும். அதை அடக்கப் பெரும்பாடாக இருந்தது. கிண்ணம் ஒருவழியாக வந்துவிட்டது. மூடியில் வந்து நின்றேன்.

பழவேற்காட்டில் நான் முதலில் கடைந்த சுண்ணாம்பு டப்பிகள் எல்லாமே இப்படித்தான், 'டொப்' என்று சத்தம் போடும். கொண்டுபோன மறுநாளே ஒரு மீன்காரர் தோணி விளிம்பில் டப்பியை நாலு போடு போட்டுவிட்டு, அதை என் மேலேயே விட்டெறிந்தார். வெற்றிலை வாயில் இருக்கிறது, சுண்ணாம்பு டப்பியில் மாட்டிக்கொண்டது, கோபம் வராதா? காய்ந்த மரம் ஏரிக்காற்றின் ஈரத்தைக் குடித்தால் வட்டம் வட்டமாக இருக்காது. கொஞ்சம் முட்டை வாக்காகும். இறுக்கமாக இருந்த மூடி கவ்விக்கொள்ளும். அதற்கப்புறம் அங்கே மூடியை ஆடவிட்டே கடைந்தேன்.

கும்மிடிப்பூண்டிக்கும் அந்தக் காற்று வரும். உளியை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். மூடி ஆடியது.

கட்டில் கால் மாஸ்டர் அதைக் கையில் எடுத்துக் காதருகே ஆட்டினார். லொட, லொட.

"இன்னா தம்பி, சிமிழு கடையச் சொன்னா கிலுகிலுப்பை கடைஞ்சிக்கினு வந்திருக்கே! கொழந்த எங்கப்பா?"

ஷெட்டே அதிர்ந்தது. எங்கள் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "நைனா, மானத்தை வாங்கிட்டியேடா" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு சிமிழையும் ஜன்னல் ஓரப் பலகையில் வைத்தோம். மறுநாள் விடிந்தால் நல்ல வெயில். ஐப்பசியில் இப்படி வெயிலடித்து நான் பார்த்ததில்லை. மேற்கிலிருந்து காய்ந்த காற்று. தீர்ப்பில் மூடியை மட்டும் பிடித்துத்தான் சிமிழைத் தூக்குவார்கள்; மூடி ஆடியபடியே இருந்தால் தூக்கின கையோடு கிண்ணம் கீழே விழும். மத்தியானம் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு காற்று திரும்பியது. கிழக்கே மேகம் கட்டி, மூன்று மணி வாக்கில் சட்டை உடம்போடு ஒட்ட ஆரம்பித்தது. எனக்குப் பசித்தது. நாஷ்டா கடைக்குப் போய் இட்லி சாப்பிட்டேன்.

அந்த நாஷ்டா கடைக்காரம்மாதான் தீர்ப்புச் சொல்பவர். இரண்டு ஊர்க்காரர்களும் அவர் கடையில் சாப்பிட்டவர்கள், யாரிடமும் அவருக்குத் தயவு கிடையாது. சோதனை இரண்டு. மூடியை மட்டும் பிடித்துச் சிமிழைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும், கிண்ணம் விழக் கூடாது. பிறகு அதே கையின் கட்டைவிரலால் மூடி திறக்க வேண்டும்.

மாஸ்டரின் சிமிழ் கம்பீரமாக நடந்து போனது. கைதட்டல். அம்மா கட்டைவிரலைக் கொடுத்தார். அசையவில்லை. இன்னொரு கையையும் கொடுத்தார். முந்தானையால் பிடித்துத் திருகினார்.

"இன்னாய்யா இது, வெல்லம் போட்டு ஒட்டிக்கினு வந்தியா?"

"நல்லா அமுக்குங்கம்மா!"

"மாவாட்டுற கையிய்யா இது. இதுக்கு மேல இன்னா அமுக்கறது? இந்தா, நீயே தெற."

மாஸ்டர் திருகினார். மீசை துடித்தது. திறக்கவில்லை. அவர் கூட்டாளிகள் இரண்டு பேருடையதும் அதே கதை. எங்கள் மேஸ்திரியுடையதும்தான். எங்கள் இன்னொரு ஆளுடைய கிண்ணம் பாதி வழியில் விழுந்து மெஷினுக்கு அடியில் உருண்டு போனது.

கடைசியாக என்னுடையது. அம்மா மூடியை ஆட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. தூக்கினார். கிண்ணம் கூடவே வந்தது. அவர் நடக்கிறார், நான் ஓரமாகக் கூடவே நடக்கிறேன். அந்தக் கோடிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கட்டைவிரலை வைத்து ஒரே நெட்டு.

டொப்.

கொண்டுவந்திருந்த குங்குமத்தை அதில் கொட்டி, மூடி, மறுபடி அதே கையால் திறந்து, ஒரு விரல் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "இது சிமிழு" என்றார்.

எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கிய தூக்கில் தலை ஷீட்டில் இடித்தது. வலித்ததா என்று நினைவில்லை. முந்தைய நாள் சிரித்தவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். யாரோ ஒரு நீளச் சுருளை என் இரண்டு காதிலும் மாட்டிவிட்டார்கள்.

கட்டில் கால் மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நேத்து ஆடிச்சேடா! ராத்திரி இன்னா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலைண்ணே. உங்க ஊர்க் காத்துல நீங்க கடைஞ்சது ரைட்டு. இது ஏரிக்காத்து. உங்க சிமிழை அடுப்பாண்ட காட்டுங்க, தெறந்துக்கும்."

நாஷ்டா கடை அடுப்போரம் அதைப் பிடித்துக்கொண்டு அவர் குந்தினார். சுற்றிலும் கூட்டம். டீ ஆறுவதற்குள் மூடி 'டொப்' என்று வந்தது. சிமிழை உற்றுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"அடுத்த வருஷம் எங்க ஊருக்கு வா. அங்க காய்ஞ்ச காத்து. உன் வேலை எதுவும் நடக்காது."

"வர்றேண்ணே. ஆர்.கே.பேட்டையில கோடை கோடையா கடைஞ்சவன் நான். அந்தக் காத்தும் எனக்குத் தெரியும்."

"அடப்பாவி! இன்னும் எந்தெந்த ஊரைச் சுத்திட்டு வந்திருக்கே?" என்று முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி மூன்றாம் நம்பர் மெஷின் பக்கத்தில் ஒரு கட்டு கருவேலங்கட்டையை இறக்கிவைத்தார். "சுத்தியல் பிடி. சாயந்திரத்துக்குள்ள முடிக்கணும். பொங்கலுக்கு இருப்பியா?"

"இருப்பேன், மேஸ்திரி."

ஸ்விட்சைப் போட்டேன். அந்தப் பொங்கலுக்கும் இருந்தேன், அதற்கடுத்த பொங்கலுக்கும் இருந்தேன். மணவாள நகரில் அடுத்த வருஷம் மூடியைச் சரியாக இறுக்கிக் கடைந்து அங்கேயும் ஜெயித்தேன்.