பச்சைச் சணலும் சினைக் கெண்டையும்

2005-ல் தீபாவளி முடிந்த கையோடு நடந்தது இது. எங்கள் ஊர் திருத்தங்கல் பக்கம். தீபாவளி முடிந்தால் பட்டாசு கம்பெனிகளுக்கு லீவு. நானும் என் வீட்டுக்காரரும் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தோம். அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்து, வறண்டு கிடந்த ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆற்றின் குறுக்கே ராஜா காலத்துக் கல்லணை ஒன்று உண்டு. புதுத் தண்ணீரைக் கண்டதும் கெண்டைகள் முட்டையிட மேலே இருக்கும் கண்மாய்க்கு ஏறப் பார்க்கும். ஏற முடியாமல் துள்ளித் துள்ளி அணைக் கல்லில் மோதி விழும். வயிறு நிறைய சினையோடு அவை விழுவதைப் பார்த்துவிட்டு வந்த இவருக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. அந்த ஆடியில்தான் எனக்கு மறுபடியும் கரு கலைந்திருந்தது. மனுஷன் அதைப் பற்றி வாய் திறக்கவேயில்லை.

அணையைச் சுற்றிக்கொண்டு மேலே போகும் பழைய ஓடை ஒன்று, மண்ணும் அச்சாபீஸ் காகிதக் கழிவும் அடைத்துக் கிடந்தது.

“இதத் தோண்டி விட்டா அதுக பாட்டுக்கு ஏறிப் போயிரும் புள்ள” என்றார். தெருவில் சும்மா இருந்த கம்பெனி ஆட்களையும் கூட்டிக்கொண்டார். “மீனுக்கு ரோடு போடுறாகப்பா எங்க மாமா!” என்று கேலி பேசிக்கொண்டே அவர்களும் மண்வெட்டி பிடித்தார்கள்.

ஓடையில் தண்ணீர் பாய்ந்த அன்று சாயங்காலமே முதல் கெண்டை ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆடிக்குப் பிறகு இவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் ஆற்றுப் பக்கம் வெடிச் சத்தம். ரெண்டு பேரும் ஓடினோம். ஆறு முழுக்கச் சிதறித் திரிந்த மீனெல்லாம் அந்தக் குறுகல் ஓடைக்குள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தன. கூடத் தோண்டிய ஆட்களே அணுகுண்டு வெடியைப் பற்றவைத்து அதற்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. சுற்றிலும் பச்சைச் சணல். கம்பெனியில் அந்த வெடிக்குச் சணல் சுற்றுவதுதான் என் வேலை.

“ஏலே, நீங்களாலே இப்பிடி?” என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்ன மாமா செய்யச் சொல்றீக? கம்பெனி இல்ல, வீட்டுல கொழம்புக்கு ஒண்ணுமில்ல. தானா வந்து நிக்கிறத விட்டுருவமா?” என்றான் ஒருவன். கெட்டவன் இல்லை. முந்தின நாள் எங்களோடு கை தட்டியவன்தான்.

அவர்கள் போன பிறகு, தோண்டிய மண்ணையே அள்ளி இவர் ஓடையை அடைக்க ஆரம்பித்தார்.

“அடச்சுட்டா அதுக எப்பிடிங்க மேல போகும்?”

“கல்லுல முட்டித் திரும்பிப் போனாலும் உசுராவது இருக்கும். வழி விட்டதுனாலதான அம்புட்டும் செத்துச்சு” என்றார். அழுதுகொண்டே நானும் மண் அள்ளிப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால், எங்கள் பங்கு என்று வாசலில் ஒரு கெண்டையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அறுத்தேன். உள்ளே முழுக்கச் சினை. அப்படியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன்.

லீவு முடிந்து கம்பெனி திறந்ததும் மறுபடி அதே பச்சைச் சணலைத்தான் சுற்றினேன். எங்கள் ஊரில் வேறு வேலை ஏது? இவர் அதன் பிறகு ஆற்றுப் பக்கமே போகவில்லை. இன்றைக்கும் யாருக்காவது ஒரு நல்லது செய்யலாம் என்று நினைத்தாலே, எனக்கு முதலில் பயம்தான் வருகிறது.