வெளியே பூட்டு, உள்ளே நான்

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நாகலாபுரம் பக்கத்தில் நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாமல், நானும் மனைவியும் சத்தியவேட்டுக்கு வந்து வாடகை வீட்டில் குடியிருந்தோம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருவருக்கும் வேலை. அவளுக்குப் பகல் மட்டும்தான், எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அந்த அலுப்பில் எதிர்வீட்டோடு கூட நாங்கள் பேசிப் பழகியதில்லை.

ஒருநாள் பகலில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ உள்ளே வந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத் தெரியவே இல்லை. இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்றவனின் தூக்கம் அப்படி.

"உன்னியே தூக்கிக்கினு போனாலும் உனுக்குத் தெரியாது மாமா" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் சாயங்காலம் அவள் வந்து எவ்வளவு தட்டினாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். அதனால் அன்றிலிருந்து, அவள் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பெரிய பூட்டு, உள்ளே டிவி சத்தம். ஆள் இருக்கிறது என்று திருடன் பயந்துவிடுவானாம். பூட்டைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அப்படி ஒரு பகலில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் சரியான அடி, நகர முடியவில்லை. போன் முன்னறையில் சார்ஜில் இருந்தது. கத்தினேன். டிவியில் ஏதோ ஒரு மாமியாரும் கத்திக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போவது கேட்டது, ஒருவரும் நிற்கவில்லை. எங்கள் வீட்டு டிவி அலறினால் வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே தெரிந்திருந்தது! தொண்டை வற்றிப் போய், செத்துவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. ஒரு திருடனாவது வரமாட்டானா என்று சத்தியமாக ஏங்கினேன்.

திடீரென்று கரண்ட் போனது. டிவி நின்றது. காற்றுக்காக வாசலுக்கு வந்த எதிர்வீட்டு அக்கா தன் மகளிடம் கேட்டது காதில் விழுந்தது.

"இன்னாடி இது, கரண்டே இல்ல, இவங்க வூட்டு டிவி மட்டும் கத்திக்கினு கீது?"

"டிவி இல்லக்கா, நான்தான்!" என்றேன். அழுகையாக வந்தது.

ஓடிவந்தவர்கள் கடப்பாரையால் நெம்பியதும் பூட்டு வாயைப் பிளந்துவிட்டது. இதை நம்பித்தானா இத்தனை நாள் இருந்தோம் என்று அந்த வலியிலும் எரிச்சலாக இருந்தது. என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது அக்கா விடவில்லை.

"உள்ளதான் கீறேன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா தம்பி? நாங்க இன்னா திருடங்களா?"



ஷிப்ட் இன்னும் விடவில்லை, அலுப்பும் விடவில்லை. ஆனால் வீட்டின் இன்னொரு சாவி இப்போது அந்த அக்கா வீட்டில்தான் இருக்கிறது. நான் உள்ளே படுத்திருப்பது வெளியே ஒருவருக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் இன்றைக்கும் பகலில் எனக்குக் கண் மூடுகிறது.