சாரல் காற்றில் ஓட்டிப் பார்த்த கார்

பலவேசம் அண்ணாச்சியை ஒருத்தன் ஏமாற்றிவிட்டான் என்று முன்பெல்லாம் யாராவது சொல்லியிருந்தால் எங்கள் தெருவே சிரித்திருக்கும். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் சீசனுக்குச் சீசன் பழக்கடை போடுகிற மனிதர். மங்குஸ்தானைக் கையில் எடுத்து லேசாக அழுத்தினாலே உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுவார். எஸ்டேட்டிலிருந்து பழக்கூடை வந்தால், அதைத் தரையில் கவிழ்த்து அடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். சீசன் முடிந்தால் லோடு ஆட்டோ ஓட்டுவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒருத்தன் மொட்டையடித்தான். இன்றைக்கும் அவன் பெயரைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அவர்களுக்கு அடுத்த வீடு. ஜாக்கெட் தைக்கிறவள். அண்ணாச்சியின் மனைவி மாரிச்செல்வி அக்காவுக்கு அளவே எடுக்காமல் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன தையில் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ, மொத்தம் எட்டுத் தடவை என்றார்கள்.

கீமோவைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். பஸ்ஸைத்தான் தாங்க முடியவில்லை. ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து டீசல் வாசம் பட்டாலே குடல் வெளியே வந்துவிடும்போல ஓங்கரிப்பு. செங்கோட்டை தாண்டி மலை வளைவு ஆரம்பித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போகும்போது வாந்தி, வரும்போது வாந்தி, பக்கத்து சீட்டுக்காரர்களின் முறைப்பு வேறு. வாடகைக் காரும் பிடித்துப் பார்த்தார்கள். அதிலும் அதே வாசம்தான். ஐந்தாவது தடவை போய்விட்டு வந்த அன்று, வாசலிலேயே உட்கார்ந்து சொன்னாள்.

"நான் இனி வரல. செத்தா வீட்டுல கெடந்து சாவுதேன். அந்த பஸ்ஸுல மட்டும் என்னய ஏத்தாதிய."

கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தோம். இல்லை. ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அண்ணாச்சி அதைச் சொல்லிக் கெஞ்சினார், ஏசினார், சாப்பிடாமல் கிடந்தார். அவள் அசையவில்லை. இந்த மனிதர் கண்ணெதிரே பெண்டாட்டியைப் பறிகொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் லிங்கேஸ்வரன் வந்து சேர்ந்தான். பாவூர்சத்திரத்தில் பழைய கார் வாங்கி விற்கிறவன். பழம் வாங்க வந்த இடத்தில் கதையைக் கேட்டுவிட்டு உருகினான்.

"எலெக்ட்ரிக் கார் எடுங்க அண்ணாச்சி. வாசமும் கெடையாது, சத்தமும் கெடையாது. நம்மகிட்ட ஒண்ணு நிக்கி. ஒரு தடவ சார்ஜ் போட்டா முன்னூறு கிலோமீட்டர். திருவனந்தபுரம் போயி, மதினிக்கு வைத்தியம் பாத்துட்டு, திரும்பி வந்து மெயினருவில ஒரு குளியலும் போட்டுட்டு வீட்டுக்குப் போவலாம்."

"பழைய வண்டியில்லா? பேட்டரி எப்படி இருக்கோ?"

"புதுசு கணக்கா இருக்கு. என் பேச்ச நம்பாதிய. நீங்களே ஓட்டிப் பாருங்க."

ஆனி மாதம், சாரல் பிடித்துவிட்டிருந்தது. வழியில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, புளியரை வரைக்கும் லிங்கேஸ்வரனே ஓட்டிக்கொண்டு போனான். மலை அடிவாரத்தில் நிறுத்தி, இனி நீங்கள் ஓட்டுங்கள் என்று இடம் மாறி உட்கார்ந்துகொண்டான். அண்ணாச்சி ஓட்டினார். செங்கோட்டை, தென்காசி, பாவூர்சத்திரம். கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் தூறல் படப் படச் சுகமாகப் போயிருக்கிறார். சாரல் நேரத்தில் எங்கள் ஊரில் எவன் ஏசி போடுவான்? மீட்டரில் சார்ஜ் காட்டுகிற எண் இறங்குவேனா என்று அடம்பிடித்ததாம். அவன் கடை வந்ததும், "போதுமா அண்ணாச்சி, இன்னும் கடையம் வரைக்கும் போய்ப் பாப்பமா?" என்று தாராளமாகக் கேட்டானாம். போதும் என்றுவிட்டார்.

லோடு ஆட்டோவை விற்றார். கார் வந்தது. அக்கா முதலில் கிட்டவே வரவில்லை. பிறகு கதவைத் திறந்து தலையை மட்டும் நுழைத்து மோந்து பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். அண்ணாச்சி தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார்.

"வாசமே இல்லட்டி," என்றாள் என்னைப் பார்த்து. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். "இதுல வருதேன்."

அண்ணாச்சி காருக்கு அந்தப் பக்கம் போய் நின்று மூக்கைச் சிந்தினார்.

ஆடியில் ஆறாவது கீமோ. துணைக்கு நானும் போனேன். குற்றாலத்தில் கூட்டம் அலைமோதுகிற சமயம், கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார் மனிதர். அக்கா பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். தென்காசியை விட்டு மேற்கே திரும்பியதுமே காற்று எதிரே வந்து மோதியது. ஆரியங்காவுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று. இந்தப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது தெரியும். சாரல் நாளில் செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு மிதிக்காமலே வந்துவிடலாம். திரும்பிப் போனால் தொடை கழன்றுவிடும். மழையும் வலுத்தது. கண்ணாடியை ஏற்றினோம். உள்ளே ஆவி படிந்து ரோடு மறைந்ததால் ஏசியைப் போட்டார். புளியரையில் ஏற்றம் தொடங்கியது.

அண்ணாச்சி மீட்டரையே பார்க்க ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். மீட்டரில் எண் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"வேல்விழி," என்றார், அக்காவுக்குக் கேட்காத குரலில். "அன்னைக்குக் காத்து பொறத்தால இருந்துச்சும்மா. எறக்கம் வேற. காத்து தள்ளிட்டு வந்துருக்கு. நான் வண்டி நல்லா ஓடுதுன்னு நெனச்சிட்டேன்."

வேற்றூரில் ஓட்டிப் பார்த்திருந்தால் காற்று எந்தப் பக்கம் என்று கவனித்திருப்பார். பிறந்ததிலிருந்து மேலே அடிக்கிற காற்றை யார் கணக்கில் எடுப்பார்கள்? அந்தப் பாவி எடுத்திருக்கிறான்.

"திரும்பிரலாமா அண்ணாச்சி?"

"இப்பம் திரும்புனா, அவ மறுபடி ஏறுவாளா?"

ஏசியை நிறுத்தினார். துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். தென்மலை இறக்கத்தில் வண்டி தானே சார்ஜ் ஏற்றிக்கொண்டதில் எண் கொஞ்சம் ஏறியது. எனக்குக்கூட நம்பிக்கை வந்தது. மடத்தறை தாண்டிய இடத்தில், இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று நாலுக்கு விழுந்தது. வண்டி ஊர்ந்தது. ரப்பர் தோட்டத்து ஓரமாக நின்றே போனது.

ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் வந்து பார்த்தார். அடுத்து வரும் பாலோடு என்கிற ஊரில் சார்ஜ் போடுகிற இடம் ஒன்று உண்டு, "பக்ஷே அது கேடாணு", ஆனால் அது பழுது என்று மலையாளத்தில் சொல்லிக் கையை விரித்தார். நான் லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டேன்.

"மல ஏறுனியளா? ஏசி போட்டியளா? அப்பம் அப்படித்தான் இருக்கும்க்கா," என்றான் கூசாமல். "முன்னூறுங்கது புது வண்டிக்குக் கம்பெனிக்காரன் சொன்னது. அண்ணாச்சியே ஓட்டிப் பாத்துத்தான எடுத்தாவ?"

"புளியரைக்கு ஏம்லே நீ ஓட்டிட்டுப் போன? அத மொதல்ல சொல்லு!" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டான்.

ஒரு பஸ் வந்தது. அண்ணாச்சி ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். அக்கா கார் கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "செல்வி, இந்த ஒரு தடவ. எந்திரிட்டி," என்று கண்ணாடியைத் தட்டினார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு விசிலடித்தார். அடுத்த பஸ்ஸும் அப்படியே போனது. ஆஸ்பத்திரியில் நேரத்துக்கு வரவில்லை என்றால் அன்றைக்கு ஊசி கிடையாது. என்ன சொல்லி அவளை இறக்குவது என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணாச்சி டயரை ஒரு மிதி மிதித்தார். இன்னொரு மிதி. பிறகு மழையில் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து, காரின் மேல் தலையை முட்டிக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் அழுதார். ஐம்பது வயது ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "எல்லாத்தையும் கெடுத்துட்டேன், உன்னய நானே கொன்னுட்டேன்," என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

கதவு திறந்தது. அக்கா இறங்கி, முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

"எந்திரிங்க. அடுத்த பஸ்ஸ நிறுத்துங்க."

திருவனந்தபுரம் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் எடுத்த வாந்தியை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசியில் வெறும் பித்தம்தான் வந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் கவரைப் பிடித்தார், ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சிருட்டி" என்றார். நர்ஸ் நேரமாகிவிட்டது என்று சத்தம் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஆறாவது ஊசி ஏறியது.

திரும்பும்போதும் பஸ்தான். மடத்தறைக்கு முன்னால் அந்தக் கார் ரோட்டோரம் நனைந்துகொண்டு நின்றது. அண்ணாச்சி அந்தப் பக்கம் பார்க்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. கையில் புதுக் கவரைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார்.

"இன்னும் ரெண்டு இருக்குல்லா?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"ஆமா."

"ரெண்டுக்கும் பஸ்ஸுலயே வருதேன். ஆனா நீங்க வராதிய. வேல்விழி வந்தாப் போதும். உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால வாந்தி எடுக்க முடியல."

அண்ணாச்சி கவரை என் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.